சாங்ஷாக், டாக் டோ, ஆப் பியா: பாராசூட் படை மலைக்காட்டில் ஏன் திணறியது?

#1 – கேத்தி_கேரட்

எல்லோருக்கும் வணக்கம். நம்ம நீலகிரியில வெலிங்டன் இருக்கு, ரெஜிமென்ட்டல் சென்டர் இருக்கு, ஸ்டாஃப் காலேஜ் இருக்கு. பதில் தெரிஞ்சவங்க இந்த இழையைப் பார்ப்பீங்கன்னு நம்பிக் கேக்கறேன்.

பாராசூட் படைன்னா பொறுக்கி எடுத்த ஆட்கள், கடுமையான பயிற்சி. ஆனா 1944-ல மணிப்பூர் சாங்ஷாக், 1967-ல வியட்நாம் டாக் டோ, 1969-ல அதே வியட்நாம் ஆப் பியா, மூணு இடத்திலயும் ரத்தம் ஆறா ஓடியிருக்கு. மூணுமே மலை, மூணுமே காடு. கேள்வி ரெண்டுதான். இந்த மாதிரி இடத்துல உண்மையிலேயே குதிக்கிறாங்களா? இறங்கின பிறகு எது முதல்ல கெட்டுப்போகுது? வீரம், தியாகம் எல்லாம் வேற இழையில பேசிக்கலாம். இங்கே வேலை நுணுக்கம் மட்டும் போதும்.

#2 – தொட்டபெட்டா2637

முதல் கேள்விக்கு நேர் பதில்: நீங்கள் சொன்ன மூன்றிலும் ஒருத்தர்கூடக் குதிக்கவில்லை.

சாங்ஷாக்கில் போரிட்ட 50-வது இந்தியப் பாராசூட் பிரிகேட், காட்டுப்போர்ப் பயிற்சிக்காக கோஹிமா பக்கம் அனுப்பப்பட்ட படை. பயிற்சி முடிவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். லாரியிலும் கால்நடையாகவும் போய்ச் சண்டை போட்டார்கள். டாக் டோவில் அமெரிக்க 173-வது ஏர்போர்ன் பிரிகேடும், ஆப் பியாவில் 101-வது ஏர்போர்ன் டிவிஷனும் ஹெலிகாப்டரில் இறங்கின. வியட்நாமில் அமெரிக்கர்கள் பெரிய அளவில் பாராசூட்டில் குதித்தது ஒரே முறை, 1967 பிப்ரவரி 22, ஜங்ஷன் சிட்டி நடவடிக்கை. அதுவும் தாய் நின் பக்கத்துச் சமவெளியில். நம் 50-வது பிரிகேடின் கூர்க்காக்கள் கடைசியில் போரில் குதித்தது 1945 மே 1, ரங்கூன் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் எலிஃபன்ட் பாயின்ட். அங்கேயும் மலை கிடையாது.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சி-130 விமானம் குதிக்கும் நேரத்தில் சுமார் 130 நாட் வேகத்தில் பறக்கும், அதாவது விநாடிக்கு 67 மீட்டர். 64 பேர், இரண்டு கதவு, கதவுக்கு 32 பேர், விநாடிக்கு ஒருவர் என்று வைத்தால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் தரையில் 2 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. ஊட்டி ரேஸ்கோர்ஸ் நீளவாக்கில் அதில் பாதி வந்தால் பெரிது. மலையில் அவ்வளவு நீள வெட்டவெளி கிடைப்பது பள்ளத்தாக்கின் அடியில் மட்டும்தான். பள்ளத்தாக்கில் இறங்கினால் முகடு எதிரி கையில். 1953 நவம்பரில் பிரெஞ்சுப் பாராசூட் படை வியட்நாமின் தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் சுத்தமாக இறங்கியது. இறங்கியதில் குறையே இல்லை. 1954 மே 7 அன்று அதே பள்ளத்தாக்கில் சரணடைந்தார்கள், சுற்றியிருந்த மலையிலிருந்து வந்த பீரங்கிக் குண்டால்.

இன்னொன்று காற்றின் அடர்த்தி. ஊட்டி உயரத்தில் காற்றடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம். அதே பாராசூட், அதே எடை என்றால் இறங்கும் வேகம் 12 சதவீதம் கூடும். தரையில் மோதும் ஆற்றல் 25 சதவீதம் கூடும். சரிவு, பாறை, 30 கிலோ மூட்டை எல்லாம் அதற்கு மேல். கணுக்கால்தான் முதலில் போகும்.

#3 – சோலைக்குருவி

தொட்டபெட்டா சார் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. நம்ம சோலையை மனசுல வெச்சுக்கிட்டு டாக் டோவைக் கற்பனை பண்ணாதீங்க.

குன்றுக்கு எண் போடுவது அதன் உயரத்தை வெச்சு. பிரிட்டிஷ் இந்திய வரைபடத்தில் அடி, அமெரிக்கர்களின் வியட்நாம் வரைபடத்தில் மீட்டர். சாங்ஷாக்குக்கு முன்னால 50-வது பிரிகேடின் 152-வது பட்டாலியனின் ஒரு கம்பெனி முழுசா அழிஞ்ச இடம் பாயின்ட் 7378. அது அடி. கிட்டத்தட்ட ஊட்டி உயரம். டாக் டோவின் குன்று 875 மீட்டர், ஆப் பியா 937 மீட்டர். ரெண்டுமே நம்ம கூடலூரைவிடத் தாழ்வு.

உயரம் குறைஞ்சா காடு வளரும். மேல்மலைச் சோலை மரம் காத்துக்குக் குறுகி 15 மீட்டர் தாண்டுவதே அபூர்வம். சோலைக்கும் சோலைக்கும் நடுவுல புல்வெளி, ஆளை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால இருந்தே பார்க்கலாம். டாக் டோவில் மேலடுக்கு மரம் 30 மீட்டருக்கும் மேல. அதுக்குக் கீழ ரெண்டாவது அடுக்கு, அதுக்கும் கீழ மூங்கிலும் கொடியும். பகல்லயே அரை இருட்டு. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் பதுங்குகுழி தெரியாது. நம்ம பக்கம் இதுக்குக் கொஞ்சம் கிட்ட வர்றது கூடலூருக்குக் கீழ நாடுகாணிப் பக்கத்து மழைக்காடுதான், அதுவும் உண்ணிச்செடி புதர் அடைச்ச ஓரம்.

#4 – மலைரயில்

மரத்து மேலயே குதிச்சவங்க இருக்காங்களே? மலாயாவுல பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படை. அதைப் பத்தி யாரும் பேசலயே.

#5 – தொட்டபெட்டா2637

ஆமாம். 1952 பிப்ரவரி, தாய்லாந்து எல்லை ஓரம் பெலூம் பள்ளத்தாக்கு. வெட்டவெளி கிடைக்காததால் மரவிதானத்தையே, அதாவது மர உச்சிகள் சேர்ந்த கூரையையே, இறங்கு தளமாக வைத்துக்கொண்டார்கள். முறை இதுதான்: பாராசூட் கிளையில் மாட்டும்வரை கால்களை ஒட்டி வைத்து, முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு விழ வேண்டும். தொங்கியதும் இடுப்பில் கட்டியிருக்கும் கயிற்றை உறுதியான கிளையில் முடிந்து, பட்டையைக் கழற்றிவிட்டு, கயிற்றில் வழுக்கி இறங்க வேண்டும்.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். துணி மெல்லிய கிளையில் மாட்டி, ஆளின் எடை தாங்காமல் வழுக்கும். அப்போது பாராசூட் ஏற்கனவே சுருங்கியிருக்கும், 30 மீட்டரிலிருந்து வெறும் ஆளாக விழுவான். அடுத்தது மூங்கில் புதர், ஒடிந்த மூங்கில் ஈட்டிக்குச் சமம். மூன்றாவது, மரம் கயிற்றைவிட உயரமாக இருப்பது. அந்தரத்தில் தொங்குபவனைக் கீழே இறக்க இன்னொருவன் மேலே ஏற வேண்டும். காயம் ஏறிக்கொண்டே போனது. 1953-இல் ஹெலிகாப்டர் வரத் தொடங்கியதும் இந்த முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது. சிறு ரோந்துக் குழுவுக்குச் செய்யலாம். 600 பேர் பட்டாலியனுக்கு இது ஆகாது.

#6 – பைக்காரா_மின்

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். சாங்ஷாக்கை எடுத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

பிரிகேடியர் ஹோப்-தாம்ஸன் கையில் 152 இந்தியப் பாராசூட் பட்டாலியன், 153 கூர்க்கா பாராசூட் பட்டாலியன், கூடவே 4/5 மராத்தா (5-வது ரெஜிமென்ட்டின் 4-வது பட்டாலியன்) காலாட்படை, மலைப் பீரங்கி, மோர்ட்டார் (குட்டைக் குழல் பீரங்கி) பேட்டரி, பாராசூட் ஆம்புலன்ஸ். மொத்தம் சுமார் 2000 பேர். எதிரே ஜெனரல் மியாசாகியின் கீழ் ஜப்பானிய 58-வது ரெஜிமென்ட். 1944 மார்ச் 22 முதல் 26 இரவு வரை.

முதல் சிக்கல் மண். மூன்றடி தோண்டினால் பாறை. மூன்றடிக் குழியில் ஆள் நிற்க முடியாது, மண்டியிடத்தான் முடியும். நின்று சுடும் குழிக்கு நெஞ்சளவு ஆழம் வேண்டும், சுமார் 4½ அடி. மேலே கூரை போட மரமும், அதன்மேல் 45 செ.மீ. மண்ணும் வேண்டும். பாறை மேட்டில் அந்த மண்ணுக்கே பஞ்சம். படைவீரன் இடுப்பில் மாட்டும் சின்ன மண்வெட்டி பாறையில் பட்டால் மடங்கும். கடப்பாரையும் பிக்காசும் வெடிமருந்தும் இருந்தால்தான் அங்கே ஆழம் போக முடியும்.

இரண்டாவது முள்கம்பி. அது ஒரு சுருள்கூட இல்லை. இரவில் ஊர்ந்து வருபவனைத் தடுத்து நிறுத்தும் பொருள் எதுவும் குழிக்கு முன்னால் இல்லாததால், மெஷின்கன் சுடும் எல்லையைக் கடந்து நேராகக் குழிக்குள்ளேயே வந்து விழுந்தார்கள். மேற்கு ஓரத்துத் தேவாலய மேடு கடைசி நாளில் கைமாறிக் கைமாறிப் போனதற்கு இது பெரிய காரணம்.

மூன்றாவது தண்ணீர். மேட்டின் மேல் ஊற்று கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வையுங்கள், 2000 பேருக்கு 8 டன். ஒரு டக்கோட்டா விமானம் தூக்குவது இரண்டரை டன் சொச்சம். தண்ணீருக்கு மட்டும் மூன்று விமானம், அதற்குப் பிறகுதான் தோட்டாவும் மருந்தும் சோறும்.

சரி, விமானம் வந்தது, போட்டது. பெரும்பகுதி ஜப்பானியர் பக்கம் விழுந்தது. இதில் விமானியைத் திட்டுபவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோமீட்டர்கூட நீளமில்லாத வளாகம், சுமார் 700 மீட்டர் என்று வைப்போம். டக்கோட்டா மெதுவாகப் பறந்தாலும் விநாடிக்கு 50 மீட்டர். நீளவாக்கில் வந்தாலே 14 விநாடி. அதற்குள் கதவருகில் நிற்பவர்கள் காலால் உதைத்துத் தள்ள வேண்டும். ஆறேழு மூட்டை தள்ளினால் கெட்டிக்காரர்கள். மீதிக்கு மறுபடி சுற்றி வர வேண்டும், ஒவ்வொரு சுற்றும் கீழிருந்து சுடும் துப்பாக்கிக்கு நேராக. உயரம் கூட்டினால் காற்று மூட்டையைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த சரிவில் போடும். குறுக்குவாக்கில் வந்தால் நேரம் பாதி. முகட்டு மேல் போடுவதில் இன்னொரு வம்பும் உண்டு: சமவெளியில் 50 மீட்டர் தவறினால் 50 மீட்டர் நடந்து எடுக்கலாம், முகட்டில் 50 மீட்டர் தவறினால் மூட்டை 200 அடி பள்ளத்தில் கிடக்கும்.

நான்காவது, செத்தவர்களும் செத்த கோவேறுகழுதைகளும். பாறையில் புதைக்க முடியாது. நாலு நாளில் அந்த வளாகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை.

#7 – கேத்தி_கேரட்

கடப்பாரை, கம்பி எல்லாம் முன்னாடியே கொண்டுபோயிருக்கலாமே சார்? இது திட்டக் குறைதானே, மலைக்காட்டுக் குறை எங்கே?

#8 – பைக்காரா_மின்

பாராசூட் படை உருவாக்கப்பட்ட விதத்திலேயே அது கிடையாது, தம்பி. விமானத்தில் ஏறக்கூடிய எடைதான் அந்தப் படையின் அளவுகோல். லாரி குறைவு, கனரகப் பீரங்கி குறைவு, பொறியாளர் தளவாடம் குறைவு. இரண்டு மூன்று நாளில் பின்னால் வரும் தரைப்படை வந்து சேரும் என்ற கணக்கில் கட்டப்பட்ட படை அது. சமவெளியில் டாங்கி சாலை வழியாக வந்து சேரும். மலைக்காட்டில் சேர வேண்டிய படை ஒரு நாளைக்கு நாலைந்து கிலோமீட்டர் நகர்ந்தால் அதிசயம். எடை குறைந்த படையை, நின்று பிடிக்கும் வேலைக்கு வைத்தால் இதுதான் நடக்கும்.

காயம்பட்டவர்கள் கணக்கும் அப்படியே. செங்குத்துப் பாதையில் ஒரு ஸ்ட்ரெச்சருக்கு நாலு பேர், மாற்றாள் நாலு பேர். பத்து ஸ்ட்ரெச்சர் என்றால் 80 பேர், ஒரு கம்பெனியே காலி. 26-ஆம் தேதி இரவு பின்வாங்கியபோது நடக்க முடியாத பலரை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

#9 – குந்தா_காற்று

டாக் டோ பகுதியை நான் எழுதறேன். குன்று 875 பற்றித் தமிழில் வர்றது பெரும்பாலும் கதையாவே வருது, படை எப்படி நின்னுதுங்கறதை யாரும் சொல்றதில்ல.

1967 நவம்பர் 19 காலை. 173-வது பிரிகேடைச் சேர்ந்த 503-வது ரெஜிமென்ட்டின் 2-வது பட்டாலியன் மேலே ஏறுது. முன்னால ரெண்டு கம்பெனி, சி-யும் டி-யும், பக்கம் பக்கமா. பின்னால ஏ கம்பெனி. அதன் வேலை முதுகைக் காப்பது, கூடவே ஹெலிகாப்டர் இறங்க மரம் வெட்டுவது. அதாவது பின்காவலுக்கு நிக்க வேண்டியவன் கையில மரம் வெட்டற கருவி.

மேலே வட வியட்நாமின் 174-வது ரெஜிமென்ட். பதுங்குகுழிகளை ரொம்ப முன்னாடியே வெட்டி, மேல அடுக்கு அடுக்கா மரக்கட்டையும் மண்ணும் போட்டு, அதுல செடி முளைச்சு, வெடிச்சத்தம் கேக்கும்வரை கண்ணுக்கே தெரியாத நிலைமை. குழிகளுக்கு இடையே சுரங்கம். ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு வழியா வந்து அதே குழியில மறுபடி உக்காந்துக்குவாங்க. முன்னாடி போனவங்க அங்க சிக்கின நேரத்துல, மதியத்துக்கு மேல, கீழே இருந்து ஏ கம்பெனி மேல இன்னொரு படை பாய்ஞ்சுது. எம்-60 மெஷின்கன்னோட கார்லோஸ் லோசாடா தனியா நின்னு தடுத்ததுலதான் கம்பெனியில மிச்சம் இருந்தவங்க மேலே ஓடிச் சேர முடிஞ்சுது. அவர் அங்கேயே இறந்தார், பிறகு மெடல் ஆஃப் ஆனர்.

இப்ப மூணு கம்பெனியும் ஒரு சின்ன வட்டத்துக்குள்ள. இறங்கு தளம் வெட்டி முடிக்கல. வந்த ஹெலிகாப்டர்கள் சுட்டு விரட்டப்பட்டன, சில விழுந்தன. தண்ணி தீர்ந்துபோச்சு. மாலையில அமெரிக்க விமானமே ஒண்ணு போட்ட குண்டு வட்டத்துக்கு நடுவுல, காயம்பட்டவங்களும் தலைமை ஆட்களும் கூடியிருந்த இடத்துல விழுந்து 42 பேர் போனாங்க. காயம்பட்டவங்களோட இருந்த பாதிரியார் சார்லஸ் வாட்டர்ஸ் அதுல ஒருத்தர். மலைக்காட்டுல இது ஏன் திரும்பத் திரும்ப நடக்குதுன்னா, மேல இருந்து பார்க்கறவனுக்கு ஒரே பச்சைக் கம்பளம். புகைக்குண்டு போட்டா புகை மரவிதானத்துக்குள்ள பரவி, நூறு மீட்டர் தள்ளி எங்கேயோ மேலே வரும். விமானம் படை நிக்கிற கோட்டுக்கு இணையா வந்தா, குண்டு முன்னாடியோ பின்னாடியோ தவறினாலும் ஆளுங்க மேல விழாது. படையின் தலைக்கு மேலயே குறுக்கே வந்தா சில விநாடி தவறுக்கே உயிர் போகும். குறுகலான முகட்டுல எந்தப் பக்கம் வரணும்னு தீர்மானிக்கிறது மலைதான்.

20-ஆம் தேதி மாலை 4-வது பட்டாலியன் வந்து சேர்ந்தது. உச்சி கைக்கு வந்தது 23-ஆம் தேதி. மேலே எதிரி கிட்டத்தட்ட இல்லை, முந்தின ராத்திரியே நழுவிட்டாங்க.

#10 – மலைரயில்

அப்போ ஹெலிகாப்டருக்கு இறங்கு தளம் மட்டும் சீக்கிரம் கிடைச்சிருந்தா பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்னு சொல்லலாமா?

#11 – தொட்டபெட்டா2637

கொஞ்சம் தீரும். பாதி என்று சொல்ல மாட்டேன்.

யூ.எச்-1 ஹெலிகாப்டரின் சுழலி விட்டம் 48 அடி. தரையில் 25-30 மீட்டர் அகலம் வெட்டினாலும், சுற்றி 30 மீட்டர் மரம் நின்றால் அது கிணறு. செங்குத்தாக இறங்கி, செங்குத்தாகவே ஏற வேண்டும். இதற்குத்தான் எஞ்சினின் முழுச் சக்தியும் செலவாகும். தரைக்கு அருகில் கிடைக்கும் காற்று மெத்தை மரவிதான உயரத்தில் கிடைக்காது. வெயில் ஏறிய பிற்பகலில், மலை மேல், ஏற்றக்கூடிய ஆள் எண்ணிக்கை சட்டென்று குறையும். புத்தகத்தில் 11 பேர் என்று இருக்கும். மலையில் ஆறு ஏழு ஏற்றினாலே விமானி முகம் சுளிப்பார்.

மரம் வெட்ட எஞ்சின் ரம்பமும் வெடிமருந்தும் மணிக்கணக்கில் நேரம் தின்னும். 1969-இலிருந்து 10,000 பவுண்டு குண்டு போட்டே ஒரு நொடியில் இறங்கு தளம் திறந்தார்கள், பிறகு 15,000 பவுண்டு பி.எல்.யூ-82. ஆனால் அந்தச் சத்தம் பத்து மைல் சுற்றளவுக்கு முகவரி கொடுத்த மாதிரி.

அப்புறம் பனிமூட்டம். குன்னூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் சரிவு வழியாக மேகம் ஏறினால் எதிர் வீடு தெரியாது. மதியம் ஆரம்பித்த தாக்குதலுக்கு மாலையில் ஹெலிகாப்டர் வரும் என்று திட்டம் போடுபவன் மலையில் இருந்ததில்லை.

#12 – குந்தா_காற்று

வயர்லெஸ்ஸையும் சேர்த்துக்கணும். பி.ஆர்.சி-25 செட் பத்துக் கிலோவுக்கு மேல, வி.எச்.எஃப். அலைவரிசை. நேர்க்கோட்டுப் பார்வை வேணும். காட்டேரி வளைவுல செல்போன் சிக்னல் அறுந்துபோற மாதிரிதான், நடுவுல ஒரு முகடு வந்தா அவ்வளவுதான். ஈர இலை வேற அலையைக் குடிச்சுடும். குட்டை ஆன்டெனாவை மாத்தி நீளமானதைப் போடறது, முடியலைன்னா உயரமான குன்றுல ஒரு ரிலே குழுவை வைக்கிறது. அந்த ரிலே குழுவுக்குக் காவல் ஒரு பிளட்டூன். இப்படியே ஒவ்வொரு தேவையும் துப்பாக்கி பிடிக்கிற ஆளை ஒவ்வொருத்தரா உருவிக்கிட்டே போகும்.

#13 – சோலைக்குருவி

மோர்ட்டாரை மறந்துட்டீங்க. கால்படை கையில இருக்கிற ஒரே பீரங்கி அது. குண்டு செங்குத்தா மேலே போகும். தலைக்கு மேல கிளை இருந்தா அதுலயே வெடிச்சு சொந்த ஆளுங்க மேல சிதறும். அதனால ஒவ்வொரு இடத்திலயும் வானம் தெரியற ஒரு திறப்பு தேடணும், இல்ல வெட்டணும். எதிரி குண்டும் அப்படித்தான், கிளையில வெடிச்சு மேல இருந்து கொட்டும். கூரை இல்லாத குழி அப்ப வெறும் பள்ளம். எட்டாத குழியைப் பீரங்கியால உடைக்கணும்னா தாமத ஃபியூஸ் (குண்டைக் கொஞ்சம் தாமதமா வெடிக்க வைக்கிறது) வேணும், இல்லைன்னா குண்டு மரத்தோட நின்னுடும்.

சரிவுல சுடறதும் வேற. கீழ்நோக்கிச் சுடும்போது குண்டு இலக்குக்கு மேல போகும், பயிற்சி இல்லாதவன் தொடர்ந்து தலைக்கு மேலயே சுடுவான். மேல்நோக்கி எறிஞ்ச கையெறிகுண்டு உருண்டு எறிஞ்சவன் கிட்டயே திரும்பி வரும். மேல இருக்கிறவனுக்கு அந்தக் கவலை இல்லை, கையை விட்டாப் போதும்.

#14 – பைக்காரா_மின்

ஆப் பியா பற்றிச் சுருக்கமாக. 1969 மே 10-இலிருந்து 20 வரை, 101-வது டிவிஷனைச் சேர்ந்த 187-வது ரெஜிமென்ட்டின் 3-வது பட்டாலியன் திரும்பத் திரும்ப ஏறியது. எதிரே வட வியட்நாமின் 29-வது ரெஜிமென்ட். பீரங்கியும் விமானக் குண்டும் மரத்தையெல்லாம் உரித்தபின் மழை வந்தது. வேர் பிடிப்பு இல்லாத மண் குழம்பாகி, உச்சி நெருங்கிய ஆட்கள் சறுக்கிக் கீழே வந்தார்கள். மரம் இருந்தால் எதிரி தெரியவில்லை, மரத்தை அழித்தால் ஏற முடியவில்லை. பிடித்த குன்றை ஜூன் முதல் வாரத்தில் விட்டுவிட்டார்கள்.

#15 – மலைரயில்

ஆனா சாங்ஷாக்குல 4/5 மராத்தாவும்தான் அடிபட்டாங்க. அவங்க பாராசூட் படை இல்லையே. மலைக்காடு எல்லாரையும் ஒரே மாதிரி அடிக்குதுன்னுதான் நான் சொல்வேன். பாராசூட்ங்கற பேரைத் தனியா இழுக்கறது நியாயம் இல்லை.

#16 – பைக்காரா_மின்

பாதி சரி. ஆட்களின் தரத்தில் வித்தியாசம் இல்லை, கூட வந்த பொருளில்தான் வித்தியாசம். மராத்தாக்களும் அங்கே அதே மூன்றடிக் குழியில், அதே தண்ணீர்ப் பஞ்சத்தில் நின்றார்கள், ஏனென்றால் அந்த வளாகத்தின் சாமான் வரவு பாராசூட் பிரிகேடின் கணக்கு. அந்த ஐந்து நாள் தாமதமும், செத்த ஜப்பானிய அதிகாரியிடம் கிடைத்த வரைபடமும் கோஹிமாவைக் காக்கக் கொடுத்த அவகாசம் தனி விஷயம். அதை மறுக்கவில்லை.

#17 – தொட்டபெட்டா2637

சமாளித்தவர்களும் உண்டு. 1944 கடைசியில் பிலிப்பைன்ஸில் லெய்ட்டே தீவின் மலையில் அமெரிக்க 11-வது ஏர்போர்ன் டிவிஷன். 511-வது ரெஜிமென்ட் சேற்றில் முகடு தாண்டிக்கொண்டிருக்க, மனாரவாட் என்ற சின்ன மேட்டைத் தளமாக்கி, இலகு விமானங்களில் சாப்பாட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். பெரிய விமானம் தவறவிடும் இடத்தில் சின்ன விமானம் மெதுவாக, தாழ்வாக வந்து போட முடிந்தது. 75 மி.மீ. பீரங்கிகளைப் பிரித்து, ஒரே ஒரு சி-47 பதின்மூன்று நடை வந்து பாராசூட்டில் இறக்கியது. சின்ன மேட்டில் ஒரு நடைக்கு ஓரிரு பொதிதான் விழ வைக்க முடியும் என்று ஒத்துக்கொண்டு திட்டம் போட்டார்கள். ஆனால் அங்கேயும் மேகம் மூடிய நாட்களில் முன்னணிக் கம்பெனிகள் பட்டினிதான்.

#18 – கேத்தி_கேரட்

நன்றி சார், எல்லாருக்கும். அந்த 75 மி.மீ. பீரங்கியைப் பிரிச்சு இறக்கும்போது ஒரு பொதி மட்டும் பள்ளத்துல விழுந்தா மொத்தப் பீரங்கியும் வீணா?

#19 – தொட்டபெட்டா2637

எந்தப் பொதி என்பதைப் பொறுத்தது. சக்கரம் போனால் இன்னொரு பீரங்கியிலிருந்து எடுத்து மாட்டலாம், கட்டை அடுக்கியும் சமாளிக்கலாம். குழலோ, குழலின் பின்பக்கத்தை மூடும் பின்பூட்டோ போனால் மற்றது எல்லாம் இரும்புச் சுமைதான். அதனால் பிரித்த பாகங்களை ஒரு வடக்கயிற்றில் கோத்து ஒன்றாகத் தள்ளும் வழக்கம் இருந்தது, எல்லாம் ஒரே இடத்தில் விழட்டும் என்று. சமவெளியில் அது நன்றாகவே வேலை செய்யும். மலையில் கோத்த கயிறே மரத்தில் சிக்கி, பாகங்கள் ஆளுக்கொரு கிளையில் தொங்கும், அதனால் இறக்கும் மேட்டில் முதலில் மரத்தை வெட்டிவிட்டுத்தான் பீரங்கிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.